கரண்ட் வருதா?

என் மொபெட் ஆலங்காயம் வரைக்கும் பரம சாது. அங்கே டீக்கடை வாசலில் நிறுத்தி எடுத்தால்கூட ஒரே மிதியில் கிளம்பும். காவலூர் ஏற்றத்தில் பாதி ஏறியதும் லேசாக இருமும். அடுத்த வளைவில் இன்னொரு இருமல். அதற்கடுத்த வளைவில் மௌனம். டாங்கியில் எழுதியிருந்த கம்பெனி பெயர் எந்தக் காலத்திலோ உரிந்து போய்விட்டதால் பெயர் சொல்லித் திட்டவும் வழியில்லை.

ஜவ்வாது மலையில் வண்டி நின்றால் தனிமை கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் அங்கே வண்டியை நிறுத்திப் பார்த்ததில்லை. காட்டுக்குள்ளிருந்து ஆள் முளைக்கும். சாமை மூட்டையோடு பைக்கில் வருகிறவர், பலாப்பழம் ஏற்றிய மினி லாரி டிரைவர், ஆடு ஓட்டிவரும் பெரியவர் என்று கூட்டம் சேர்ந்துவிடும். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: “கரண்ட் வருதா?” பதில் சொல்வதற்குள் தீர்ப்பும் வந்துவிடும்: “பிளக்கைக் கழட்டு.”

நம் ஊரில் எஞ்சின் எதற்காக நின்றாலும் முதல் அடி பிளக்குக்குத்தான். பாவம், அது வெளியே தெரிகிற இடத்தில் இருக்கிறது. ஸ்பேனரும் எல்லோர் பையிலும் இருக்கிறது. கழற்றுவார்கள், கத்தியால் சுரண்டுவார்கள், உப்புத்தாளில் தேய்ப்பார்கள், ஒருவர் மோந்துகூடப் பார்ப்பார். “ஆயில் ஜாஸ்தி ஊத்திட்டீங்க” என்பார். பக்கத்திலிருப்பவர் “கம்மி” என்பார். அப்புறம் பிளக்கை ஒயரில் மாட்டி, எஞ்சின் ஹெட்டில் சாய்த்து வைத்து, என்னைப் பெடல் மிதிக்கச் சொல்வார்கள். இதற்குள் யாராவது ஒருவர் அதைக் கையால் பிடித்திருப்பார். அவர் துள்ளியதும் கூட்டம் மகிழ்ச்சியோடு அறிவிக்கும்: “கரண்ட் வருது!”

வருகிற பொறி நீலமா சிவப்பா என்பது அடுத்த வழக்கு. நீலம் என்றால் நல்ல பொறி. சிவந்து சோர்ந்திருந்தால் பலவீனம். பட்டப்பகலில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால், அத்தனை தலைகளும் வண்டிமேல் கவிழ்ந்து நிழல் கட்டும். பெரியவர் நீலம் என்பார். டிரைவர் சிவப்பு என்பார். ஆட்டுக்கு அபிப்பிராயம் இல்லை.

இத்தனைக்கும் அதே சாலையில் இன்னும் கொஞ்சம் மேலே போனால் வைணு பாப்பு வானாய்வகம். இருட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காகவே தேர்ந்தெடுத்த இடம். 1977-இல் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதற்கான சான்றை உலகம் கண்டபோது, காவலூரிலிருந்தும் பார்த்துக் குறித்தார்கள். 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1988-இல் ராஜமோகன் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வெளிச்சத்தைப் பற்றி அங்கே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அரை மில்லிமீட்டர் சொச்ச இடைவெளியில், மூக்குக்கு நேரே அடிக்கிற பொறியைப் பற்றி எங்களால் முடியவில்லை.

இதற்குள் வண்டி ஆறியிருக்கும். பிளக்கை மாட்டி மிதித்தால் கிளம்பிவிடும். பார்த்தீர்களா, பிளக்தான் என்று எல்லோரும் பெருமையோடு கலைவார்கள். அடுத்த ஏற்றத்தில் நான் வேறொரு நிபுணர் குழுவின் நடுவில் நிற்பேன்.

சரியான முதல் கேள்வியைக் கேட்டவன் மலைக்காரனே இல்லை. பழவேற்காட்டில் படகு மோட்டார் பழுது பார்க்கிற என் மச்சினன். அவன் கைக்கு வருகிற பழைய அவுட்போர்டு மோட்டாருக்குள் இருப்பதும் என் மொபெட்டுக்குள் இருப்பதும் ஒரே சங்கதி. பேட்டரி கிடையாது. காந்தம் பதித்த சக்கரம் சுற்றும், உள்ளே காயிலில் மின்சாரம் பிறக்கும், பாயிண்ட் என்கிற தொடுமுனை சட்டென்று விலகும், அந்த நொடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறி பிளக்கில் பொறி அடிக்கும். ஓலே எவின்ரூட் என்பவர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கி ஏரியில் துடுப்புப் போட்டு வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த எரிச்சலில்தான் படகுக்கு மோட்டார் செய்தார், 1909-இல் விற்பனைக்கே கொண்டுவந்தார் என்று கதை சொல்வார்கள். எங்கள் மலைமேல் ஜமுனாமரத்தூர் கோலப்பன் ஏரியில் அவருக்கு வேலை இருந்திருக்காது. அங்கே ஜனங்கள் சந்தோஷமாகப் பெடல் படகு மிதிக்கிறார்கள். பெடல் படகுக்குப் பாயிண்ட் கிடையாது, கண்டன்சர் கிடையாது, வழியில் ஆலோசனையும் கிடையாது.

போனில் மச்சினன் கேட்டான்: “மாமா, ஜில்லுனு இருக்கறப்ப நிக்குதா, சூடாயி நிக்குதா?”

“சூடாயி.”

“ஆறினா?”

“கிளம்புது.”

“அப்ப பிளக்கை விட்டுடுங்க. கண்டன்சரு.”

பாயிண்ட் விலகும்போது அங்கேயே பொறி சிதறிவிடாமல் தாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. வயதானால், சூட்டில் கசிய ஆரம்பிக்கும். பிளக்குக்குப் போகவேண்டிய வலு பாயிண்டிலேயே கருகும். ஆறினால் பழையபடி யோக்கியன். “கடல்ல இந்த மாதிரி நின்னா யாரும் வந்து கேள்வி கேக்க மாட்டாங்க மாமா” என்றான். அதைச் சலுகையாகச் சொன்னானா, ஆபத்தாகச் சொன்னானா தெரியவில்லை.

ஆலங்காயம் மெக்கானிக் நம்பவில்லை. சரிவில் உருண்டு வந்த வண்டி அவர் கடைக்குள் ஜில்லென்று நுழைந்து, ஒரே மிதியில் கிளம்பிக் காட்டியது. “நல்லாத்தானே சார் ஓடுது. புது பிளக் போட்டுக்குங்க.” கெஞ்சிய பிறகு புல்லர் வைத்து மேக்னெட்டைக் கழற்றினார். பாயிண்ட்டின் முகம் கருகிக் குழி விழுந்திருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. உப்புத்தாளால் இழுத்துவிட்டு, சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து இடைவெளி பிடித்து, சுண்டுவிரல் கணுவளவு புது கண்டன்சரை மாட்டினார். இப்போது வண்டி ஜமுனாமரத்தூர் வரை இருமாமல் போகிறது. வழியில் யாரையும் எனக்குத் தெரிவதில்லை.

பழைய கண்டன்சரை அவர் தூக்கிப் போடவில்லை. துடைத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார்.

“அது எதுக்குண்ணே?”

“சூடானாத்தானே சார் மக்கர் பண்ணுது. மலை ஏறாதவங்க யாருக்காவது போட்டுடலாம்.”