பாட்டு மட்டும் போட்டுடாதே, பேராண்டி!

இன்னா நைனா, லேப்டாப்பைத் தொறந்து வச்சிகினு மியூசிக் டைரக்டர் ஆவப் போறியாமே? உங்கம்மா அழுதுகினு வந்தா. "கவலைப்படாதே, இந்தக் காலத்துல அந்த வேலைக்குப் பாட்டு போடத் தெரிய வேணாம்"னு நான்தான் தேத்தி அனுப்பினேன்.

உக்காரு, தொழில் ரகசியம் சொல்றேன். எண்பதுகள்ல வந்த இளையராஜா பாட்டு ஒண்ணை எடு. ஹீரோ கதவை ஒதைக்கிற நேரத்துல அதைப் போடு. முடிஞ்சுது. விசிலடிக்கிறவன் ரசீதா கேக்கப் போறான்?

2024-ல 'லப்பர் பந்து' பாத்தல்ல? அதுல கெத்துன்னு ஒரு ஆளு மட்டையைத் தூக்கிகினு எறங்கும்போது 1989-ல வந்த 'பொன்மனச் செல்வன்' பாட்டு. அதுல ஒரு நியாயம் இருந்துது. அந்த ஆளு விஜயகாந்து வெறியன், பாட்டு அவன் ஒடம்புல ஊறினது. ஆனா அதுக்கப்புறம் நம்ம துத்திப்பட்டு பசங்க பண்றது? மொத பால்லயே டக் அடிக்கிறவனும் அந்தப் பாட்டு போட்டாத்தான் எறங்குவேன்றான். திரும்பி வர்றப்போ போடறதுக்கு யாரும் பாட்டு எடுத்து வைக்கல, பாவம்.

ஒண்ணு எடுத்தா பத்தாது, மூணா எடு. 2025-ல 'குட் பேட் அக்லி' அப்படித்தான். 'சகலகலா வல்லவன்' 1982, 'விக்ரம்' 1986, கூடவே 'நாட்டுப்புறப் பாட்டு' 1996. ராஜா அஞ்சு கோடி கேட்டு நோட்டீஸ் வுட்டாரு. பாட்டு கம்பெனிகிட்ட அனுமதி வாங்கிட்டோம்னு படம் எடுத்தவங்க சொன்னாங்க. செப்டம்பர்ல சென்னை ஐகோர்ட்டு அந்தப் பாட்டுங்களுக்கு இடைக்காலத் தடை போட்டுடுச்சு. நீ பயப்படாதே. உன் சொத்தை அவரு கேட்டா நான் தூக்கிக் குடுத்துடறேன். அந்தப் பைக்கும் அதோட மீதி தவணையும்தானே?

வெளிநாட்டுக்காரன் மட்டும் யோக்கியமான்னு கேப்ப. 1983-ல மைக்கேல் ஜாக்சன் 'பீட் இட்' பாட்டுக்குச் செவப்புத் தோல் சட்டை போட்டுகினு ஆடினான். அது நம்ம ஆம்பூர்த் தோலுதான்னு எங்க தோல் ஷாப்பு மேஸ்திரி சத்தியமே பண்ணுவாரு. நான் எதுக்கு மறுத்துப் பேசறேன், அட்வான்ஸ் அவர்கிட்டதானே வாங்கணும்? இப்ப வீக்கெண்டுன்னு ஒருத்தன், 2019-ல 'பிளைண்டிங் லைட்ஸ்'னு ஒண்ணு வுட்டான். சிந்தசைசர் சத்தம் முச்சூடும் எண்பதுதான். பில்போர்டோட எல்லாக் காலத்துப் பட்டியல்லயும் போய் மொத எடத்துல உக்காந்துது. ஆனா மெட்டு அவனும் கூட இருந்தவங்களும் போட்டது. சத்தத்தைத்தான் எடுத்தான், பாட்டை எடுக்கல. பொழைக்கத் தெரியாதவன்.

ராஜா அவனுக்கும் மேல. 'அன்னக்கிளி' வந்து பத்து வருசம் ஆயிடுச்சு, கையில இருக்கிறதையே திருப்பித் திருப்பிப் போட்டிருந்தாலும் ஊரு கேட்டிருக்கும். அவரு 1986-ல 'ஹவ் டு நேம் இட்'னு ஒரு கேசட்டு போட்டு, நம்ம தியாகராஜரையும் வெள்ளைக்கார இசைமேதை பாக்கையும் ஒரே திண்ணையில உக்கார வச்சாரு. அதே வருசம் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்'. புதுசா வந்த மிசினு சத்தமெல்லாம் அதுல கீது. அவர்கிட்ட கீபோர்டு வாசிச்ச திலீப்புன்னு ஒரு பையன் எல்லாத்தையும் கூடவே இருந்து பாத்தான். 1992-ல 'ரோஜா' வந்தப்போ டீக்கடையில மோந்து மோந்து கேட்டோம், ராஜா வாடையே இல்ல. அவன் பேரு ரஹ்மான்னு ஆயிடுச்சு. நீ அந்த மாதிரியெல்லாம் கஷ்டப்படாதே.

எங்க தோல் தொழில்ல ஸ்பிளிட்டுன்ற மட்டத் தோலுக்கு மேல பளபளன்னு கோட்டிங் அடிச்சு, ஒசத்தியான ஃபுல் கிரெயின்னு சீட்டு ஒட்டி அனுப்பிப் பாரு. ஜெர்மன்காரன் வெரலால மடக்கிப் பாத்துட்டுக் கண்டெயினரையே திருப்பிடுவான். பாட்டுல அந்தத் தொல்லை இல்ல, மடக்கிப் பாக்கிற ஆளே கம்மி. தைரியமா அடி.

அது சரி, நேத்து ராத்திரி உன் ரூம்ல ஓடிச்சே 'சொந்த பீட்டு', அது 'விக்ரம்' டைட்டில் பாட்டுதானே? வேகத்தை ஏத்திட்டா தாத்தனுக்குத் தெரியாதா? முழிக்காதே. அந்த ஹெட்போனை மாட்டு. எண்பதுப் பாட்டு எதுனா ஒண்ணு போடு. பாடறவரை வுடு, வயலினை வுடு. கீழ பேஸ் கிடாரு ஒண்ணு தனியா வேற பாட்டு பாடிகினு போவும் பாரு, அதை மட்டும் கேளு. அவரு ஒவ்வொருத்தனுக்கும் கைப்பட நோட்டு எழுதிக் குடுத்தது அது. ஸ்டுடியோவுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து வாசிக்கணும், ஒருத்தன் தப்பினா மறுபடி மொதல்லேர்ந்து.

கேட்டுட்டு அந்த பேஸை வாயாலயே எனக்குப் பாடிக் காட்டு. பாடிட்டா உங்கம்மாகிட்ட நான் பேசறேன். வரலன்னா, ஷூ கம்பெனியில கட்டிங்குக்கு ஆள் எடுக்கறாங்களாம். திங்கக்கெழம காலையில எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோட போய் நில்லு.