சனிக்கும் ஒரு லட்சம்

கர்நாடகத்தில் 2007 ஏப்ரலிலிருந்து லாட்டரிக்குத் தடை. அதனால் பெங்களூரின் கூட்டு எண்காரருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. தொழில் எல்லை தாண்டி விரிந்துவிட்டது, அவ்வளவுதான். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ டீக்கடை பெஞ்சில் வருஷம் முழுக்கப் பழைய முடிவுகளை ஆராய்பவர், ஓணம் நெருங்கியதும் குண்டலுபேட்டை வழியாக வயநாடு போவார். இரவு ஒன்பதுக்குப் பந்திப்பூர் சாலையை அடைத்துவிடுவார்கள் என்று டிரைவர் பதறினாலும் கேட்கமாட்டார். கேரள லாட்டரியின் 500 ரூபாய் ஓணம் பம்பர் டிக்கெட்டுகளைக் கடைக்காரரை விரிக்கச் சொல்லி ஒவ்வொன்றின் இலக்கங்களையும் கூட்டுவார். ஒன்பது வந்தால் செவ்வாய், எடுக்கலாம். எட்டு வந்தால் சனி, விரல்கூடப் படாது.

2024-இல் அந்தப் பம்பரின் முதல் பரிசான 25 கோடி, வயநாட்டில் விற்ற டிஜி 434222-க்கு விழுந்தது. வாங்கியவர் மண்டியா மாவட்டத்துப் பாண்டவபுரத்து மெக்கானிக். எண்ணைக் கூட்டிப் பாருங்கள்: 17, அதாவது 8. சாட்சாத் சனீஸ்வரர் கொடுத்த பணம்! இதில் அதிசயமும் இல்லை. ஆறு இலக்க எண்கள் மொத்தம் ஒன்பது லட்சம். ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால் ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வொன்றின் பங்குக்கும் சரியாக ஒரு லட்சம் எண்கள் வரும். நவக்கிரகங்களுக்குள் இத்தனை நேர்மையான பாகப்பிரிவினை வேறெந்தச் சொத்திலும் நடந்திருக்காது. சனியை ஒதுக்குகிறவர் தம் வாய்ப்பைக் கூட்டிக்கொள்வதில்லை, கடையில் நிற்கும் நேரத்தைத்தான் கூட்டிக்கொள்கிறார்.

ஆனால் அவர் லேசில் மடங்குகிற ஆளில்லை. “சீரியல் எழுத்தை விட்டுட்டீங்களே! எண் கணிதத்துல டி நாலு, ஜி மூணு. பதினேழோட சேர்த்தா இருபத்துநாலு, கூட்டு ஆறு. சுக்கிரன் சார்!” சரி, எழுத்தையும் சேர்ப்போம். 2022-இல் முதல் பரிசு பெற்ற டிஜே 750605-க்கு 28 வருகிறது, 2023-இன் டிஇ 230662-க்கும் 28. இரண்டும் சூரியனின் ஒன்று. அதை நம்பி 2024-இல் சூரியனைத் தேடி எடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று சுக்கிரனைத்தான் கேட்க வேண்டும். முடிவு வந்த பிறகு எழுத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று தீர்மானிக்கும் சாஸ்திரம் தோற்கவே தோற்காது, ஜெயிக்கவும் ஜெயிக்காது.

எண் தேர்வால் பயனே இல்லையா என்றால், சில வெளிநாட்டு லாட்டரிகளில் கொஞ்சம் உண்டு. அங்கே எண்ணை நாமே எழுதலாம். ஒரே எண்ணைப் பலர் எழுதியிருந்தால் பரிசைப் பங்கிட வேண்டும். பலரும் பிறந்த தேதியை எழுதுவதால் 31-க்கு மேற்பட்ட எண்களை எடுத்தால் பங்காளிகள் குறையலாம். அப்போதும் விழும் வாய்ப்பு கூடாது, விழுந்தால் வரும் தொகைதான் கூடும். கேரள டிக்கெட்டிலோ எண் அச்சாகியே வருகிறது. அதே சீரியலில் அதே எண் இன்னொருவரிடம் இருக்காது. வாய்ப்பை இரட்டிப்பாக்க ஒரே வழி இரண்டு டிக்கெட் வாங்குவது: 2024-இல் விற்ற சுமார் 71 லட்சத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு. செலவு ஆயிரம் ரூபாய். நம்மவர் இதற்கு உடனே சம்மதிப்பார். ஆயிரத்தின் கூட்டு ஒன்று, சூரியன், நல்ல எண்தான்.