சப்வே அண்ணை

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சப்வே அண்ணையைத் தேடிப் போகத் தேவையில்லை. மார்க்கம் றோட்டுப் பக்கம் தமிழ்க்கடைகள் உள்ள ஏதாவது ஒரு பிளாசாவில் காரை நிற்பாட்டினால் போதும், அவரே வந்து சேருவார். வயது ஐம்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையில் எங்கோ. ஒரு கையில் டபுள் டபுள் கோப்பி, மற்றக் கையில் கார்த் திறப்பு, சட்டைப் பையில் ஒரு பேனா. பேனா எதற்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கோப்பிக்கடை நப்கின் ஒன்றை மேசையில் விரித்து, "இது கெனடி ஸ்டேசன்" என்று ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளியோடு உங்கள் பின்னேரம் முடிந்தது.

எண்பதுகளின் கடைசியிலோ தொண்ணூறுகளிலோ வந்திறங்கியவர். வந்த புதிதில் விடியக் காலமை பஸ், பிறகு சப்வே, பிறகும் ஒரு பஸ் என்று மாறி மாறிப் போய், உணவகங்களில் கோப்பை கழுவியவர். டிரான்ஸ்பர் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு பனிக்குள் நின்ற கதையைக் கேட்டால் கண் கலங்கும். முதல் கார் வாங்கிய கிழமையோடு அவருக்கும் நகரத்து பஸ், சப்வே ஓட்டுகிற ரி.ரி.சி.க்கும் இருந்த உறவு அறுந்துபோனது. பொதுப் போக்குவரத்தைப் பற்றிய அவருடைய அக்கறை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அக்கறை என்றால் சாதாரண அக்கறை இல்லை. ஊர்ச் சங்கத்தில் கணக்கறிக்கை வாசிக்கும்போது தூங்குகிற மனிசன், கெனடிக்கும் மக்கோவனுக்கும் இடையில் சுரங்கம் எத்தனை அடி ஆழத்தில் போகிறது என்பதைத் தூக்கத்திலும் சொல்லுவார். ஸ்காபரோ சப்வேக்குச் சுரங்கம் தோண்டுகிற இயந்திரத்துக்கு டிக்கி ஸ்கார்டஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அண்ணை அதைப் பெறாமகன் மாதிரி விசாரிப்பார். "டிக்கி இப்ப எங்க நிக்கிறான்?"

அவருடைய எதிரி ஒன்றே ஒன்று. எல்.ஆர்.ரி. இலகு ரயில் என்று பத்திரிகைக்காரர் எழுதுவார்கள், அண்ணை "உந்த டிராம்" என்பார். "உந்த" என்கிற சொல்லை அவர் உச்சரிக்கும்போதே ஒரு பெட்டி தடம்புரளும்.

"உவங்கள் எங்களை என்னெண்டு நினைச்சவங்கள்? டவுன்ரவுன்காரனுக்கு சப்வே, எங்களுக்கு மட்டும் டிராமோ?"

இந்த ஒரு கேள்வியில் அவருடைய முழு அரசியலும் அடங்கிவிடும். வேகம், செலவு, எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதெல்லாம் பிறகு வருகிற கதை. பந்தியில் தன் இலையில் மட்டும் வடை விழவில்லை என்று கண்டுபிடித்த சம்பந்தியின் கோபம் அது. அந்த நேரத்தில் போய் வடையில் கொழுப்புக் கூட என்று விளக்கம் சொல்ல ஏலுமா?

அதை வெறும் பேய்க்கோபம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஸ்காபரோவுக்கு முதலில் தனிப்பாதையில் ஓடுகிற ஸ்றீற்கார்தான் திட்டமிட்டிருந்தார்கள். இடையில் மாகாண அரசு தன் சொந்தக் கம்பனி கண்டுபிடித்த புதுவகை ரயிலைக் கொண்டுவந்து தலையில் கட்டியது. 1985இல் அது ஆர்.ரி என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. ஆறே ஆறு ஸ்டேசன், 6.4 கிலோமீற்றர். கெனடியில் சப்வேயால் இறங்கிப் படியேறித்தான் அதைப் பிடிக்க வேண்டும். பனி கொட்டினால் அது படுத்துவிடும், பதிலுக்குப் பஸ் வரும். அதே தொழில்நுட்பத்தை வாங்கிய வான்கூவர் அதை நீட்டி நீட்டி நகரம் முழுக்க ஓட்டியது. இங்கே ஓர் அங்குலம்கூட நீட்டவில்லை. அந்த நீலப் பெட்டிக்குள் நின்று விறைத்த ஒருவர், "மலிவான, நல்ல, புதுமாதிரி ரயில் ஒன்று தருகிறோம்" என்று யாராவது திரும்ப வந்தால் கதவைச் சாத்தத்தான் செய்வார்.

2007இல் மேயர் டேவிட் மில்லர் 'டிரான்சிற் சிற்றி' என்று ஏழு இலகு ரயில் பாதைகளை அறிவித்தபோது அண்ணை பெரிதாகக் கவனிக்கவில்லை. அந்த நாளில் அவருடைய கவனமெல்லாம் ஊரில் நடந்த சண்டையில் இருந்தது. 2010 டிசம்பரில் ரொப் ஃபோர்ட் பதவியேற்ற முதல் நாளே அந்தத் திட்டத்துக்குச் சங்கு ஊதினார். அன்றைக்குத்தான் அண்ணைக்கு ஞானம் பிறந்தது. சனத்துக்கு வேண்டியது சப்வே, சப்வே, சப்வே என்று மேயர் மூன்று முறை சொன்னால், பிளாசாவில் அது ஆறு முறை எதிரொலிக்கும். ஃபோர்ட்டுக்கு வாக்குப் போட்டீர்களா என்று கேட்டால் மட்டும் கோப்பியை ஊதிக் குடிப்பார். குடியுரிமை எடுத்த எல்லாரும் வாக்குச்சாவடிக்குப் போகிறார்கள் என்று யார் சொன்னது?

அண்ணை பாடம் நடத்துவதைப் பார்க்க வேண்டுமென்றால் சாமத்திய வீட்டுக்குப் போக வேண்டும். மேடையில் பிள்ளை மூன்றாவது உடுப்பு மாற்றப் போயிருக்கிற நேரம்தான் அவருடைய நேரம். அண்மையில் ஒரு மண்டபத்தில் அவருக்கு எதிரில் மாட்டிக்கொண்டேன். கடதாசிப் பிளேற்றில் சட்னிக் கிண்ணத்தை ஓரமாக வைத்தார்.

"இது கெனடி." ஒரு றோல்ஸை அதிலிருந்து நீட்டி வைத்தார். "இது சுரங்கம். விளங்குதோ?" பிறகு மூன்று வடை. "லோரன்ஸ். ஸ்காபரோ சென்ரர். ஷெப்பேர்ட்."

பக்கத்தில் இருந்த பெரியவர் சீனிவருத்தக்காரர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர். தலையாட்டிக் கேட்டபடியே லோரன்ஸை எடுத்துக் கடித்தார். அண்ணை அதைப் பார்த்துத் திகைத்து நின்ற கணத்தில், மேசைக்குக் கீழிருந்து வந்த ஒரு சின்னக் கை ஷெப்பேர்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பிளேற்றில் ஒற்றை வடை மிஞ்சியது.

ரொறன்ரோ மாநகரசபையில் நடந்ததும் இதேதான். 2013 ஒக்ரோபரில் 24க்கு 20 என்ற கணக்கில் வாக்கெடுத்து, கையெழுத்தாகி மாகாணம் காசும் தர இருந்த ஏழு நிறுத்த இலகு ரயிலைக் கைவிட்டு, மூன்று ஸ்டேசன் சப்வேயைத் தெரிந்தார்கள். 2016இல் மேயர் ஜோன் ரோறியின் காலத்தில் பார்த்தால் ஒரே ஒரு ஸ்டேசன். கெனடியில் கதவு மூடினால் 6 கிலோமீற்றருக்கு அது திறவாது. மிச்சம் பிடிக்கிற காசில் எக்ளிண்டன் கிழக்கு வழியாகப் பல்கலைக்கழக வளாகம் வரை 17 நிறுத்தங்களோடு ஓர் இலகு ரயில் என்றார்கள். சப்வேயின் செலவு ஏற ஏற மிச்சம் கரைந்து போயிற்று. 2019இல் டக் ஃபோர்ட்டின் மாகாண அரசு வந்து, தின்ற வடை இரண்டையும் திரும்பக் கொண்டுவந்து பிளேற்றில் வைத்தது. 7.8 கிலோமீற்றர், 5.5 பில்லியன் டொலர்.

மூன்றானாலும் ஒன்றானாலும் அண்ணை அசைந்ததில்லை. "ஒரு ஸ்டேசனெண்டாலும் சப்வே சப்வேதான்." அவருடைய காரின் முன்தட்டில் பழைய வீட்டுவரிச் சிட்டை ஒன்று மடித்து வைத்திருக்கிறார். சப்வேக்கென்று 2014இலிருந்து மூன்று வருசத்தில் படிப்படியாக 1.6 சதவீதம் வரி ஏற்றினார்கள் அல்லவா, அதற்கான அத்தாட்சி. "எனக்கும் இதில பங்கு இருக்கு" என்று அதைத் தட்டிக் காட்டும்போது, ஊரில் காணி உறுதி வைத்திருக்கிறவரின் முகம் தெரியும்.

அவருக்கு ஒரேயொரு தலைவலி உண்டு. எல்.ஆர்.ரி தம்பி. இங்கே பிறந்த பிள்ளை, ஸ்காபரோ வளாகத்தில் படிக்கிறவன், அந்த 17 நிறுத்தங்களில் ஒன்றுக்காக இன்னும் பஸ்ஸில் தொங்குகிறவன். கைபேசியில் வரைபடம், அட்டவணை எல்லாம் வைத்திருப்பான். அவர்கள் இருவரும் சந்தித்தால் கோப்பிக்கடையில் மற்ற மேசைகள் அமைதியாகிவிடும்.

"அங்கிள், 2013இல வேண்டாமெண்ட எல்.ஆர்.ரி றோட்டில ஓடுறது இல்லை. பழைய ஆர்.ரி ஓடின பாதையிலதான் ஓட இருந்தது. ஒரு சிக்னலும் இல்லை, ஒரு காரும் குறுக்க வராது."

"தம்பி, நீர் படிச்ச பிள்ளை. ஒண்டு கேக்கிறன். சப்வேக்குள்ள மழை படுமோ?"

"படாது."

"உதில படும்."

"ஸ்டேசனுக்குக் கூரை இருக்கு அங்கிள்."

"காத்தடிச்சா?"

தம்பி சொன்னது சரி. ஏழு நிறுத்தமும் தனிப்பாதையில், மாகாணத்தின் செலவில், சென்ரெனியல் கல்லூரியையும் தொட்டுக்கொண்டு வந்திருக்கும். அதை இவ்வளவு தெளிவாக அண்ணைக்கு எவரும் அந்த நாளில் எடுத்துச் சொல்லவில்லை என்பதும் உண்மை. சொன்னவர்களும் டவுன்ரவுனில் இருந்து வந்து, உங்களுக்கு இது போதும் என்கிற குரலில் சொன்னார்கள். அந்தக் குரல் காதில் விழுந்த பிறகு பூகோளவியல் படித்த பேராசிரியரே வந்தாலும் அண்ணை நப்கினைத் திருப்பிப் போட்டுவிடுவார்.

2025 டிசம்பரில் நகரின் மேற்குப் பக்கம் ஃபின்ச் வெஸ்ட் இலகு ரயில் திறந்தபோது அவருக்குப் பெருநாள். அதைப் பார்ப்பதற்கென்றே நெடுஞ்சாலையால் காரில் போனார். ஃபின்ச் தெருவில் ரயிலுக்குப் பக்கத்தில் ஓட்டி, அது சிவப்பு விளக்கில் நிற்பதையும் ஊர்வதையும் மகனைக்கொண்டு படம் பிடித்து வாட்சப் குழுக்கள் அத்தனைக்கும் அனுப்பினார். பின்னணியில் குரல்: "பார், பார், நான் முந்திறன்!" பின்சீற்றில் இருந்த பேரப்பிள்ளை மட்டும் ரயிலில் ஏற வேண்டும் என்று அழுகிற சத்தமும் அதில் பதிவாகியிருக்கிறது.

வீட்டில் அக்கா இருக்கிறார். அக்காவுக்கு சப்வே பற்றியும் எல்.ஆர்.ரி பற்றியும் கருத்துக் கிடையாது, ஏனென்றால் அவர் தினமும் வேலைக்குப் பஸ்ஸில் போகிறவர். முன்பு ஆர்.ரி.யில் போனார். 2023 ஜூலை 24 பின்னேரம் அந்தப் பெட்டிகளில் கடைசிப் பெட்டி எல்ஸ்மியர் ஸ்டேசனுக்குக் கிட்டக் கழன்று தடம்புரண்டது. ஐந்து பேருக்குக் காயம். எப்படியும் நவம்பரில் மூட இருந்த பாதைதான், ஆகவே அத்தோடு திறக்கவேயில்லை. 38 வருசம் ஓடிய ரயில், கடைசி ஓட்டம் என்று ஒன்று இல்லாமலே நின்றுபோனது. அண்ணை அன்றிரவு மகிழ்ச்சியும் துக்கமும் கலந்த குரலில் பல பேருக்குத் தொலைபேசி எடுத்தார். அக்கா நாளைக்கு எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்று மணிக்கூட்டை மாற்றி வைத்தார்.

"இஞ்சேருங்கோ, உங்கட சப்வே வாற நேரம் வரட்டும். வெளியில ஒரே பனி. என்னை ஒருக்கா வேலையில இறக்கி விடுங்கோவன்."

"ஐயோ, இண்டைக்கு ஏலாதப்பா. ஒரு கூட்டம் இருக்கு."

"என்ன கூட்டம்?"

"டிரான்சிற் கூட்டம்."

இந்தக் கதை எல்லாவற்றிலும் அண்ணை வாயடைத்துப் போகிற இடம் ஒன்றே ஒன்று. 1990இல் சண்டையோடு யாழ்ப்பாணத்துக்கு நின்றுபோன யாழ்தேவி ரயில், தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் காணாமல் போய், ஸ்டேசன்கள் இடிந்து, பாதை முழுக்கக் கண்ணிவெடி அகற்றி, புதிதாகப் போட்டு, 2014 ஒக்ரோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வந்து சேர்ந்துவிட்டது. ஸ்காபரோவில் வாக்கெடுத்து அப்போது ஒரு வருசம் ஆகியிருந்தது. இங்கே குண்டு விழவில்லை, கண்ணிவெடி இல்லை, காசும் இருந்தது. தம்பி இதைச் சொன்னபோது அண்ணை கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்தார். "அங்க வாக்கெடுப்பு வைக்கேல்லைத்தானே" என்றார் கடைசியில். பிறகு குரலை ஏற்றி, கொழும்பில் மாலபே வரைக்கும் போட இருந்த இலகு ரயிலை 2020இல் கைவிட்டார்களே, அதைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டு நப்கினைத் தேடினார்.

இப்போது ஒரு செய்தி. அண்ணை வீட்டை விற்றுவிட்டார். விலை ஏறியிருந்த நேரம் பார்த்து விற்று, ஏஜாக்ஸில் இரண்டு கராஜ் வைத்த வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல விலை போனதற்குக் காரணம் வரப்போகிற சப்வேதான் என்று வீட்டுமுகவர் சொன்னதாகக் கேள்வி. தம்பிக்கு ஒரே சந்தோசம். இனி நிம்மதியாகக் கோப்பி குடிக்கலாம் என்று நினைத்தான். போன சனிக்கிழமை பார்த்தால் அதே பிளாசா, அதே மேசை, அதே பேனா. நெடுஞ்சாலையால் ஓடி வந்திருக்கிறார். ஒஷாவாவிலிருந்து ஏஜாக்ஸ் வழியாக ஸ்காபரோ சென்ரர் வரை 36 கிலோமீற்றருக்கு விரைவுப் பஸ் பாதை போடுகிற திட்டம் ஒன்று இருக்கிறது. அண்ணை நப்கினில் முதல் புள்ளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன நியாயம் இது? ஸ்காபரோக்காரனுக்கு சப்வே, எங்களுக்கு மட்டும் பஸ்ஸோ?"