வெள்ளிக்கிழமை வீரர்

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆகவே கோலாலம்பூர்க்காரர்கள் ஞாயிறன்று அடிக்கும் கூத்தை நம்மூர் சைக்கிள் அங்கள் வெள்ளியன்றே அடித்து முடித்துவிடுகிறார். வயது நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவே. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஏதோ ஒரு தொழிற்சாலையின் சூப்பர்வைசர், இல்லையென்றால் சுங்கை பட்டாணியில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு, அதுவும் இல்லையென்றால் பென்ஷனுக்கு நாள் எண்ணும் ஆசிரியர். சர்க்கரை எல்லையில் நிற்கிறது. கொழுப்பு எல்லையைத் தாண்டிவிட்டது. டாக்டர் "தினமும் கொஞ்சம் நடங்க" என்றுதான் சொன்னார். நடப்பதற்குக் காசு செலவாகாது என்பதால் அங்களுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

இங்கே ஏழே கால் ஆகியும் சூரியன் தயங்கித்தான் எழும். அங்கள் ஐந்தரைக்கே எழுந்து, அரை மணி நேரம் போராடி அந்த உடைக்குள் இறங்குகிறார். இறங்கியபின் மூச்சை இழுக்கலாம், விடுவதுதான் சிரமம். முதுகில் குயிக் ஸ்டெப் என்று எழுதியிருக்கும். அது பெல்ஜியத்தில் தரைப்பலகை செய்யும் கம்பெனி. அவர் வீட்டில் ஒரு பலகையும் அந்தக் கம்பெனியுடையது இல்லை, கல்யாணத்துக்கு முன் போட்ட மொசாய்க்தான். அந்த மொசாய்க்கில் இரும்புக் கட்டை வைத்த சப்பாத்து எழுப்பும் டக் டக் சத்தத்தில் வீடே விழித்துக்கொள்கிறது.

"வெள்ளிக்கெழம அதுவுமா கோயிலுக்கு வாங்கன்னா வரமாட்டீங்க. இதப் போட்டுக்கிட்டு ஊர்கோலம் போறீங்க."

"வழியில நாலு கோயில் இருக்குமா. கும்பிட்டுக்குறேன்."

இந்தப் பதிலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கள் சொல்லும் பல பொய்களுக்கு நடுவே இது ஒன்று உண்மை.

அந்தப் பொய்கள் பெரும்பாலும் சைக்கிளின் விலையைப் பற்றியவை. மனைவிக்கு ஒரு விலை, ஆபீஸ் நண்பருக்கு ஒரு விலை, சக சைக்கிள்காரருக்கு ஒரு விலை. முதலாவது குறைத்தது, மூன்றாவது கூட்டியது. கடை பில் எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் முருகனுக்கும் மட்டும் தெரியும். அனைத்துலகப் போட்டிகளில் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அங்கள் எந்தப் போட்டியிலும் இல்லை. இருந்தாலும் விதிக்குப் பக்கத்திலாவது போகவேண்டும் என்று, இருநூறு கிராம் குறைந்த சக்கரத்துக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளியைக் கொட்டினார். குறைந்த இருநூறு கிராமையும் அதே வாரம் பெடோங்கில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரேக்கும் வட்டியோடு திருப்பித் தந்துவிட்டன.

வாட்ஸ்அப் குழுவில் வியாழக்கிழமை இரவு பேசப்படும் வழி எப்போதும் பிரமாதமாக இருக்கும். குருண், ஜெனியாங், சிக், அப்படியே பெரிஸ் ஏரி. அணைகட்டி 2004-இல் உருவான ஏரி, சுற்றிலும் காடு, பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டம்கூட உண்டு. "அடுத்த மாசம் பெடு ஏரி" என்று ஒருவர் கிளப்புவார். அது பாடாங் தெராப் பக்கம், உலு மூடா காட்டை ஒட்டி. யானைகள் வாழும் காடு. "யானை வந்தா?" என்று கேட்பவருக்கு யாரும் பதில் சொல்வதில்லை, கட்டைவிரல் படங்கள் மட்டும் குவியும். விடிந்தால் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை. மீதிப் பேர் ஜெனியாங் வரை போய், ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்து, வெயில் ஏறிவிட்டதைக் கண்டு அதிர்ச்சியடைந்து திரும்பிவிடுவார்கள். அங்களின் முகநூலில் ஏரிக்கரைப் படம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போனபோது எடுத்தது.

இதற்காக அவரைக் குறை சொல்லமாட்டேன். 1996-இல் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயமே சில ஆண்டுகளில் லங்காவித் தீவில் கால்வைக்காமல் முடிந்திருக்கிறது. பேர் இருந்தால் போதாதா? பந்தயம் கெடாப் பக்கம் வரும் ஆண்டுகளில் அங்கள் லீவு போட்டுவிட்டுச் சாலையோரம் இரண்டு மணி நேரம் நிற்பார். வீரர்கள் அரை நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். அந்த அரை நிமிடத்தைப் பற்றி ஆறு மாதம் பேசுவார். மலேசியாவுக்காக ஒலிம்பிக்கில் சைக்கிள் ஓட்டிய எம். குமரேசனின் பெயர் எடுத்தால் பேச்சு இன்னும் நீளும். "நானும் அந்தக் காலத்துல தொடர்ந்து பயிற்சி பண்ணியிருந்தா…" என்று தொடங்குவார். இந்த வாக்கியத்தை அவர் முடித்து நான் கேட்டதில்லை.

போகிற வழியில் அவருக்கு எதிரிகள் மூன்று. செம்பனைக் குலை ஏற்றிய லோரி, தோட்டத்து நாய், தோட்டத்து ஆயா. லோரி வளைவில் ஒரு குலையை உதிர்த்துவிட்டுப் போய்விடும். நாயோ அவர் ஏற்றத்தில் திணறும் இடமாகப் பார்த்துத்தான் துரத்தும். இறக்கத்தில் அது வாலைக்கூட ஆட்டுவதில்லை. இந்த இரண்டையும் சமாளித்துவிடலாம், ஆயாவிடம்தான் முடியாது.

"என்னா தம்பி, மோட்டார் கெட்டுப் போச்சா?"

"இல்ல ஆயா. எக்சர்சைசு."

"எவ்ளோ இந்தச் சைக்கிளு?"

"ரெண்டாயிரம் ஆயா." (இது நான்காவது விலை.)

"ரெண்டாயிரமா! நல்லா ஏமாத்திப்புட்டான்யா கடக்காரன். ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மணிகூட இல்லியே!"

ஆயா விவரம் தெரிந்தவள். அவள் வீட்டுக்காரர் காலத்துச் சைக்கிளில் இதெல்லாம் இருந்தது. காலைப் பிரட்டு முடிந்ததும் இருட்டோடு வெட்டுக்காட்டுக்குப் போகும், பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்பும். மாலையில் பிள்ளைகளில் ஒன்றை முன்கம்பியிலும் இரண்டைக் கேரியரிலும் வைத்துப் படம் பார்க்கக் கூட்டிப்போகும். அதன் எடையை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

சைக்கிளுக்கும் நமக்கும் உள்ள கணக்கு அதைவிடப் பழையது. 1880-களின் கடைசியில் பெல்பாஸ்டில் இருந்த மிருக வைத்தியர் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்குகிறதே என்று காற்றடைத்த ரப்பர் டயர் செய்தார். ஐரோப்பாவே சைக்கிள் பைத்தியம் பிடித்து அலைந்தது. பின்னால் கார் வந்தது. டயருக்கு ரப்பர் வேண்டும், ரப்பருக்குத் தோட்டம் வேண்டும், தோட்டத்துக்கு ஆள் வேண்டும். நாகப்பட்டினத்தில் நம்மவர்களைக் கப்பலேற்றினார்கள். வெள்ளைக்காரப் பிள்ளையின் சைக்கிள் குலுங்காமல் போவதற்குப் பால்மரம் வெட்டியவரின் கொள்ளுப்பேரன், இன்று அதே கெடா ரோட்டில், அந்த வெள்ளைக்காரப் பிள்ளை கனவிலும் காணாத சைக்கிளில், உடம்பு குலுங்கட்டும் என்று போகிறார். காலனியாட்சியைப் பழிவாங்க இதைவிட விலை கூடின வழி எனக்குத் தெரியவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்று துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக அலைந்தார். 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான். அங்களின் அப்பாவும் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டவர். மகன் ஜெராய் மலை ஏறும்போது பிழிந்து விழுங்கும் சர்க்கரைக் கூழ் ஒரு பொட்டலம் இன்று ஏறக்குறைய அந்த விலை. சர்க்கரைக்குப் பயந்து சைக்கிள் ஏறியவர் சைக்கிள் ஓட்டச் சர்க்கரை சாப்பிடுவதை அவர் வீட்டம்மா இன்னும் கவனிக்கவில்லை. கவனித்த அன்றைக்கு இந்தக் கட்டுரைக்கு இரண்டாம் பாகம் எழுதலாம்.

ஜெராய் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1,217 மீட்டர். வங்கக் கடல் தாண்டி வந்த பழங்கால மாலுமிகளுக்குக் கரை காட்டிய மலை. குருணிலிருந்து மேலே போகும் ஒடுங்கின ரோட்டில் அங்கள் நேராக ஏறுவதில்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம். நாலு வளைவுக்கு ஒருமுறை இறங்கி, இயற்கைக் காட்சியைப் படமெடுக்கிறார். அவரிடம் ஜெராய் மலையில் எடுத்த மரப்படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் ஒரே மரம்போலத் தெரிந்தாலும், ஒவ்வொன்றும் அவர் இதயம் கேட்டு எடுத்தது. குரங்குகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து பார்க்கின்றன.

மேலே போய்ச் சேர்ந்ததும் ஸ்ட்ராவா செயலியில் பதிவு ஏறுகிறது. அங்கே அவர் பெயர் "கடாரம் கொண்டான்". 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்தை, அதாவது இந்தக் கெடாவை, வென்ற செய்தி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அங்களின் வெற்றி செயலியில் இருக்கிறது. நின்று இளைப்பாறிய நேரத்தையெல்லாம் செயலி தானே கழித்துவிடும். இதை எப்படி ஒப்புக்கொள்வது என்று நான் ஒருமுறை கேட்டேன். "சோழன் எங்கெங்க நின்னு மூச்சு வாங்கினான்னு கல்வெட்டுல எழுதியிருக்கா?" என்றார். எழுதவில்லைதான்.

இத்தனை கேலிக்குப் பிறகும் அவரிடம் நான் மதிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த நம்மவர்கள் திரும்பிப் போவது திருவிழாவுக்கு ஒருமுறை, கருமாதிக்கு ஒருமுறை. அங்கள் வாரா வாரம் போகிறார், தண்ணீருக்காக. எந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் குழாய் வேலை செய்கிறது, எந்தத் தமிழ்ப்பள்ளிக் காவலாளி கழிப்பறைக்கு விடுவார், எந்த லயம் இடிந்துவிட்டது, எந்த முனியாண்டி மட்டும் செம்பனைக்கு நடுவே தனியாக நிற்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பாட்டிலை நிரப்பிக்கொண்டு, அந்த உடையோடு உள்ளே போகக் கூசி, வாசலிலேயே தலைக்கவசத்தைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். உண்டியலில் அஞ்சு வெள்ளி போடுவதும் உண்டு. நாலு கோயில் என்று மனைவியிடம் சொன்னது இதைத்தான். ஆட்கள் போய்விட்ட தோட்டங்களைப் பற்றி மேடையில் கண்ணீர்விடும் தலைவர்களைவிட இவருக்கு நிலவரம் தெரியும்.

ஆகவே கெடா ரோட்டில் கார் ஓட்டும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை காலை, பெடோங்குக்கும் குருணுக்கும் இடையில், பெல்ஜியத் தரைப்பலகை விளம்பரம் ஒன்று முன்னால் தள்ளாடிக்கொண்டு போனால் ஹார்ன் அடிக்காதீர்கள். ஒரு கார் அகலம் தள்ளி, மெதுவாகக் கடந்து போங்கள். அந்தச் சைக்கிளுக்கு இன்னும் பதினான்கு மாதத் தவணை பாக்கியிருக்கிறது.