தகப்பன்சாமி தரிசனம்

மலேசியத் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60. அதற்கு முன் பலரை 55-இலேயே மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். மகன் வயதில் மேலாளர் வருவதற்குள் தப்பித்துவிடலாம். இப்போதும் ஊழியர் சேமநிதி (இ.பி.எஃப்.) பணத்தை 55-இல் எடுக்கலாம். பிள்ளையின் கல்விக் கடன் அதை முழுங்கிவிடுவதால், ஆள் மட்டும் அறுபது வரை உள்ளே.

பினாங்கின் பாகான் டாலாமிலிருந்து பிறைத் தொழிற்பேட்டைக்கு விடியற்காலையில் மோட்டாரில் போகும் அண்ணன்மாரைப் பாருங்கள். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்வார்கள். மகளைவிட இளையவரான பாஸ், "அதை எக்செல்லில் போட்டு அனுப்புங்க" என்பார். ஓவர்டைமுக்கு ஆள் வேண்டுமென்றால் 'அங்கிள்'. போனஸ் பட்டியலில் வெறும் பணியாளர் எண்.

நாடே பார்த்த கூத்துதான். 2018 ஜூலையில் சைட் சாடிக் 25 வயதில் இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சரானார். அவருக்குத் தலைவர், 92 வயது பிரதமர் மகாதீர். இடையில் இருந்த வயதுக்காரர்கள் எல்லாம் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் நமக்கு இது புதிதா? பிரணவத்தின் பொருள் கேட்டுச் சிவபெருமானே பிள்ளை முருகனின் முன் வாய்பொத்தி நின்றவர். என்ன, அந்தப் பிள்ளைக்குப் பாடம் தெரிந்திருந்தது.

தம்பி பாஸ்களே, எக்செல் எங்கும் ஓடிப்போகாது. அண்ணன் ஓய்வு பெறுவதற்குள் அந்த பேரிங்கை மாற்றிவிடுங்கள்.