பிள்ளையாருக்கு நித்திய அபிஷேகம்

கனடாவில் வீடு வாங்கியவனுக்கு இரண்டு வேலை. முதலில், காற்றுப் புகுகிற ஓட்டைகளைத் தேடிப் பிடித்துக் காசு செலவழித்து அடைக்க வேண்டும். அடைத்து முடித்ததும், மூச்சு முட்டுகிறதே என்று மறுபடியும் காசு செலவழித்துச் சுவரில் ஓட்டை போட வேண்டும். யாழ்ப்பாணத்து வீட்டில் ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றும் அணிலும் இலவசமாக வந்துபோயின. ஸ்காபரோவில் அதற்கு ஒரு இயந்திரம் வேண்டும். கடையில் அதற்குச் சொன்ன விலையைக் கேட்டதும் எனக்குள் தூங்கிக் கிடந்த பொறியியலாளன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

தத்துவம் எளிது. வீட்டில் புழங்கிய காற்று வெளியே போகிறது. வெளிக்காற்று உள்ளே வருகிறது. ஒரு மெல்லிய தகட்டின் இரு பக்கமாக இரண்டும் கடக்கும்போது, போகிற காற்று தன் சூட்டை வருகிற காற்றுக்குக் கொடுத்துவிடும். ஒன்றோடொன்று கலக்காது. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1977 இல், ரெஜைனா நகரில் இப்படியொரு சாதனத்தோடு மாதிரி வீடு ஒன்றைக் கட்டினார்கள். ரெஜைனாவின் குளிர் மைனஸ் 40 வரை போகும். அங்கேயே முடிந்தது என் பேஸ்மென்ற்றில் முடியாதா?

காற்று கெட்டிருக்கிறது என்பதை வீட்டில் நிரூபிப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. மியூனிக்கில் பெற்றன்கோஃபர் என்ற மேதை 1858 இலேயே அறைக்காற்றில் காபனீரொட்சைட்டு பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டக் கூடாதென்று சொல்லிவிட்டார். மனைவி பெற்றன்கோஃபரை மதிக்கவில்லை. ஆகவே ஒரு மீற்றர் வாங்கி ஹோலில் வைத்தேன். வெளியே 420 சொச்சம். ஒரு மாலை, மருமகளுக்குச் சம்பந்தம் பேச உறவினர் எல்லாரும் கூடினார்கள். யன்னல்கள் பூட்டு. மீற்றர் 900 இல் நின்றது. மாப்பிள்ளையின் சம்பளத்துக்கு வந்ததும் 1,400. சீதனம் என்று மாமா ஒருவர் வாயைத் திறந்தார். 2,000 தாண்டி மஞ்சள் விளக்கு சிவப்பானது.

“மாமாவை வெளியில அனுப்பினால் குறையும்,” என்றாள் மனைவி. சொன்னது சரிதான். குறைந்தது.

பிறகு கணக்கில் இறங்கினேன். மணிக்கு 100 கனமீற்றர் காற்றை மைனஸ் 20 பாகையிலிருந்து 20 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 1.3 கிலோவாற் வேண்டும். முக்கால்வாசி வெப்பத்தை மீட்டால் ஒரு கிலோவாற் மிச்சம். வருகிற காற்று 10 பாகையில் வந்து சேரும். இரண்டு விசிறிகளும் சமமாக இழுக்க வேண்டும் என்பது முக்கியம். வெளியே தள்ளுவது கூடிவிட்டால், வீடு காற்றுக்கு அலைந்து, காஸ் கொதிகலனின் புகைபோக்கி வழியாகவே நச்சுப்புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த வரியை மட்டும் மனைவிக்குப் படித்துக்காட்டவில்லை.

தகடுகளுக்கு என்ன செய்வது? இங்கே தேர்தல் வந்தால் புல்வெளியில் நடுவார்களே, உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்ரிக் அட்டை, அதுவேதான் வேண்டும். நனைந்தாலும் உக்காது. மச்சான் ஒருவர் தோற்றுப்போன வேட்பாளருக்கு வேலை செய்தவர். அவருடைய கராஜில் அட்டைகள் கூரை முட்டக் கிடந்தன. வென்ற கட்சியின் அட்டைகளும் சில கிடைத்தன, எப்படியென்று நான் கேட்கவில்லை. கட்சிக்கொன்றாக மாறி மாறி அடுக்கினால், பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் கலக்காமல், சூட்டை மட்டும் பரிமாறிக்கொள்வார்கள். வழக்கமாகவும் அதைத்தானே செய்கிறார்கள்.

இடம்தான் வில்லங்கம். வெளிக்காற்றுத் துவாரத்துக்கும் கழிவுக்காற்றுத் துவாரத்துக்கும் நடுவே ஆறு அடியாவது வேண்டும். பனி குவிந்தாலும் மூடாத உயரம் வேண்டும். காஸ் மீற்றரிலிருந்து விலக வேண்டும், உடுப்புக் காயவைக்கிற மெஷினின் வாயிலிருந்து விலக வேண்டும், கார் நிற்கிற பக்கம் கூடவே கூடாது. எல்லாம் விலக்கிப் பார்த்தால், மொத்தச் சுவரிலும் தகுதியான இடம் ஒன்றே ஒன்று: சாமித் தட்டுக்கு நேர் பின்னால்.

“பிள்ளையாரின்ர முதுகில ஓட்டை போடப் போறியளோ?”

“குழாய்க்கு நல்ல தடிப்பாக் கவசம் சுத்துவன். சுத்தாட்டித்தான் பிரச்சினை, குளிர்க் குழாயில வீட்டு ஈரம் படிஞ்சு சொட்டும்.”

“எங்க சொட்டும்?”

“பிள்ளையாருக்கு மேல.”

நித்திய அபிஷேகம், அதுவும் ஐயருக்குத் தட்சணை இல்லாமல், என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. வேறொன்று கேட்டாள்: “சரி, உந்தப் பெட்டி வந்தால் மீனைக் குசினியிலேயே பொரிக்கலாமோ?”

மாரி முழுவதும் ஜக்கெற் போட்டுக்கொண்டு கராஜில் நின்று மீன் பொரிப்பவள் அவள். நியாயமான கேள்வி. ஆனால் அடுப்புக்கு மேலே உள்ள புகைக்கூண்டை இந்தச் சாதனத்தோடு இணைக்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு அட்டைகளை அடைத்துவிடும், தீப்பிடிக்கவும் கூடும். இதை எவ்வளவு விஞ்ஞானபூர்வமாக விளக்கினாலும் பதில் ‘இல்லை’ என்றுதான் முடிந்தது.

“அப்ப எனக்கென்ன லாபம்?” என்றாள்.

மூன்று நிறங்களில் கீறிய படத்தை அவள் முன்னால் விரித்து, வடிகுழாயில் வரும் வளைவிலிருந்து தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து மச்சான் போன் எடுத்தார். அவருடைய ஆள் திரும்பவும் தேர்தலில் நிற்கிறாராம். அட்டைகளை இன்னும் வெட்டவில்லைத்தானே என்று கேட்டார்.