இன்னும் ஒரே ஓர் அத்தியாயம்!

இந்த வாரத் தபால் பையில் பாதிக்கு மேல் ஒரே வேண்டுகோள்: எடுத்தால் கீழே வைக்க முடியாத புத்தகமாகச் சொல்லுங்கள். இதைவிட எனக்குப் பிடித்த வேலை கிடையாது. அரசியலும் சினிமாவும் அடுத்த வாரம் வரை பொறுத்திருக்கட்டும்.

கல்லூரி மாணவி, விருதுநகர்
கே: பாடப் புத்தகம் தவிர எதுவும் படித்ததில்லை. ஒரே மூச்சில் முடிக்கிற மாதிரி ஒன்று சொல்லுங்களேன்?

ப: சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. நூறு பக்கம்கூட வராது. ஒரு ஜல்லிக்கட்டு, ஒரு பிற்பகல், அவ்வளவுதான் கதை. தன் அப்பன் அம்புலியைக் குத்திச் சாய்த்த காரிக் காளையை அணைய வந்து நிற்கிறான் பிச்சி. காளையோ ஜமீன்தாருடையது. மேடையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கௌரவமும் காளையின் கொம்பிலேதான் உட்கார்ந்திருக்கிறது. மற்ற மாடுகள் ஒவ்வொன்றாக வந்து போகும்போது செல்லப்பா துளியும் அவசரப்பட மாட்டார். காரி வாசலுக்கு வந்து நிற்கும்போது கூட்டத்தோடு சேர்ந்து நீங்களும் வாயடைத்து நிற்பீர்கள். அப்புறம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது.

வங்கி ஊழியர், சேலம்
கே: கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவேன். தவறா?

ப: தவறுதான். கல்யாண வீட்டு வாசலிலேயே தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டால் யாருக்கு நஷ்டம்?

இல்லத்தரசி, கும்பகோணம்
கே: ‘பொன்னியின் செல்வ’னை மூன்று முறை படித்துவிட்டேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று நீங்களாவது சொல்லக் கூடாதா?

ப: கூடாது! மூன்று முறை படித்த உங்களுக்கே இத்தனை தவிப்பு என்றால், முதல் முறை படிக்கப் போகிறவரின் தவிப்பைப் பறிக்க எனக்கு என்ன உரிமை? கல்கியே யார் கை என்று அடித்துச் சொல்லவில்லை. ஒரு துப்பு மட்டும் தருகிறேன். காட்டுமன்னார்கோவிலில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பறித்த செய்தி அது. பெயர்களும் அதில் உண்டு. இதில் எனக்குச் சிலிர்ப்பது என்ன தெரியுமா? ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்த வீரநாராயண ஏரி, இன்றைய வீராணம். அதன் பக்கத்து ஊர்தான் காட்டுமன்னார்கோவில். கதையின் முதல் காட்சிக்குக் கூப்பிடு தூரத்தில் கொலை வழக்கின் சாட்சி கல்லாக நின்றுகொண்டிருக்கிறது!

அந்தக் கதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. அடுத்த இதழ் வரும்வரை ஏழு நாள் காத்திருந்த தலைமுறை அது. அவர்கள் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓவியர் மணியம் வரைந்த வந்தியத்தேவன் ஒரு பக்கம். அதன் பின்பக்கம் பாதியில் அறுபட்ட ஒரு சோப்பு விளம்பரம். ஓரங்களெல்லாம் விரல் பட்டுப் பழுப்பேறி, சில இடங்களில் காபிக் கறையோடு இருக்கும். எத்தனை பேர் எத்தனை இரவு புரட்டினார்களோ! நல்ல கதைக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது.

‘பெயர் வேண்டாம்’, ஈரோடு
கே: நீங்கள் சொல்லும் புத்தகங்களுக்கெல்லாம் பி.டி.எஃப். கிடைக்குமா?

ப: கல்கியின் எழுத்து நாட்டுடைமை, மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் தாராளமாக இறக்கிப் படியுங்கள். மற்றவர்களுக்கு நூலகம் இருக்கிறது. உழைத்தவரிடமிருந்து திருடாதீர்கள்.

ஆட்டோ ஓட்டுநர், மதுரை
கே: சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ராஜேஷ்குமார் நாவல் படிப்பேன். பட்டதாரி நண்பர் ஒருவர் ‘இதெல்லாம் ஒரு படிப்பா?’ என்கிறார்.

ப: அவர் கடைசியாக ஒரு புத்தகத்தை எப்போது முடித்தார் என்று கேட்டுப் பாருங்கள். கொட்டாவி வந்தால்தான் இலக்கியம் என்று நம்புகிற ஒரு கூட்டம் நம் ஊரில் உண்டு. அவர்களோடு எனக்கு வெகுநாள் சண்டை. தமிழ் நாவல் நடை பழகிய நாளிலேயே ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு என்று ஒரு வரிசையே மர்மக் கதை எழுதி ஜனங்களைப் படிக்க வைத்தது. பின்னால் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் வந்தார்கள். ராஜேஷ்குமார் 1,500 நாவல்களைத் தாண்டிவிட்டார். சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டிக் கடைசியில் முடிச்சுப் போடுவாரே, அதைச் செய்து பார்த்தால்தான் அதிலுள்ள உழைப்பு தெரியும். பேருந்து நிலையக் கடையில் க்ளிப் மாட்டித் தொங்கிய அந்த நாவல்களில்தான் எத்தனையோ பேர் வேகமாகத் தமிழ் படிக்கப் பழகினார்கள். தலை நிமிர்ந்து படியுங்கள். சவாரி வந்தால் மட்டும் மூடி வையுங்கள்.

பொறியியல் மாணவர், தஞ்சாவூர்
கே: ராத்திரி தனியாகப் படித்து நடுங்க ஒரு கதை?

ப: சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் உங்களை மாறி மாறி இழுப்பார்கள். தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை வரை போக மனம் வராது.

தமிழாசிரியர், திருநெல்வேலி
கே: விறுவிறுப்பும் இலக்கியமும் ஒரே புத்தகத்தில் சேர்ந்து இருக்குமா?

ப: ஐயா, பூமணியின் ‘வெக்கை’யை உங்கள் மேசையில் வைக்கிறேன். 1982-இல் வந்தது. ‘அசுரன்’ படத்துக்கு மூலம் இதுதான். படம் பார்த்துவிட்டேன், கதை தெரியும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். புத்தகத்தின் ருசியே வேறு. சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பையன் ஒருவனை வெட்டிவிட்டு இருட்டில் ஓடுவதில் கதை தொடங்குகிறது. முதல் பக்கத்திலேயே கொலை, கொலையாளி எல்லாம் தெரிந்துவிட்டது. மிச்சம் என்ன? அப்பனும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரியும் எட்டு நாள். கிடைத்ததைச் சுட்டுத் தின்கிறார்கள், பாறை மறைவில் படுக்கிறார்கள், அடுத்து எங்கே போவது என்று பேசுகிறார்கள். அப்பன் மகனைத் திட்டவில்லை. சோறு பொங்கிப் போடுகிறான். அந்தக் கரிசல் பேச்சில் வீடும் நிலமும் செத்துப்போன அண்ணனும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகிறார்கள். யார் செய்தது என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். இந்தப் பையன் என்ன ஆவான் என்ற கவலை வந்துவிட்டால் மூட முடியாது. ‘அப்புறம்?’ என்று நம்மைக் கேட்க வைப்பது ரத்தம் அல்ல, பாசம். விறுவிறுப்பு எங்கே பிறக்கிறது என்று வகுப்பில் கேட்டால் இந்த ஒரு நாவலைக் கையில் கொடுங்கள்.

ஓய்வு பெற்ற தலைமைக் காவலர், கடலூர்
கே: தமிழில் வந்த வெளிநாட்டுக் கதைகளில் எது உங்களைக் கட்டிப்போட்டது?

ப: ‘பட்டாம்பூச்சி’. ஹென்றி ஷாரியரின் ‘பாப்பிலான்’. 1931-இல் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்று, கடல் கடந்து பிரெஞ்சு கயானாவுக்கு அனுப்பப்பட்டவர் திரும்பத் திரும்பத் தப்பிக்கும் கதை. அதில் எவ்வளவு அவருடைய சொந்த அனுபவம் என்ற சர்ச்சை உண்டு. ரா.கி. ரங்கராஜன் ‘குமுதம்’ இதழில் அதைத் தமிழாக்கியபோது, கைதி நம் பக்கத்துத் தெருக்காரர் மாதிரி ஆகிவிட்டார். வாழ்நாளெல்லாம் குற்றவாளிகளைப் பிடித்த நீங்களே இவர் தப்பிக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்வீர்கள்.

வாசகர், திருச்சி
கே: இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

ப: இன்றைக்கே.

வாசகி, வேலூர்
கே: அப்பா ஐந்து வாரமாக மருத்துவமனையில். இரவுகளில் நான்தான் துணை. எதைத் திறந்தாலும் இரண்டு வரிக்கு மேல் மனம் ஓடவில்லை. ஏதாவது சொல்லுங்கள்.

ப: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தேன். இப்போது உங்களுக்குக் கனமான நாவல் வேண்டாம். நர்ஸ் வந்து கூப்பிட்டால் சட்டென்று எழுந்து போகவும், திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரவும் முடிகிற புத்தகம் வேண்டும். தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வை எடுத்துப் போங்கள். ஊரே அசடு என்று நினைக்கும் ஒரு வங்கிக் குமாஸ்தா தடுமாறி விழுகிற இடத்திலேயே திருடன் அகப்படுவான். ஒவ்வொரு கதையும் தனித்தனி; ஒன்றை முடித்துவிட்டுக் கண்ணயரலாம். மனசுக்குள் படிக்க வேண்டாம். அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள்.

என் அம்மாவின் கடைசி மாதத்தில் இரவுக்கு ஓர் அத்தியாயமாகக் கல்கி படித்துக் காட்டினேன். ஒருநாள் அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து நிறுத்தினேன். கண்ணைத் திறக்காமலே ‘அப்புறம்?’ என்றாள். அன்று முழுவதும் அவள் பேசிய ஒரே வார்த்தை அது. கதை வலியை ஆற்றும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரை மணி நேரம் நாங்கள் இருவரும் அந்த அறையில் இல்லை. கல்கியின் பழையாறை அரண்மனையில் இருந்தோம். உங்கள் அப்பா நலமாக வீடு திரும்பட்டும். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், அம்மா.

கடை ஊழியர், கோவை
கே: அடுத்த வாரத்துக்குள் ஒரு புத்தகத்தையாவது முடித்துவிட வேண்டும் என்று ஆசை. எப்படி?

ப: நாளைக்கே உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். ‘வாடிவாசல்’ அல்லது ‘வெக்கை’, எது கிடைக்கிறதோ அதை எடுங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு முதல் பக்கத்தைத் திறங்கள். இருபது பக்கம் வரை நீங்கள் புத்தகத்தைப் பிடித்திருப்பீர்கள். அப்புறம் அது உங்களைப் பிடித்துக்கொள்ளும். முடித்ததும் எனக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். முடிவை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள். எங்கள் தபால்காரர் இன்னும் படிக்கவில்லை.